முதல் பந்தி அம்மாவுக்கு!

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. எட்டு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் இளம் தாய் என் வைத்தியசாலைக்கு வந்தார். கூடவே மாமியார்.

"டாக்டர், இவளுக்குப் பால் பத்தலை. புள்ள ராத்திரி பூரா ஒரே அழுகை. பால் ஊறுறதுக்கு ஏதாவது லேகியம் குடுங்க" என்றார் மாமியார்.

குழந்தையை எடை போட்டுப் பார்த்தேன். வயதுக்கு ஏற்ற எடை. நாக்கு ஈரமாக இருந்தது. ஒரு நாளைக்கு ஆறேழு முறை சிறுநீர் போகிறது என்றார்கள். இப்படி இருக்கிற குழந்தைக்குப் பால் பற்றவில்லை என்று எப்படிச் சொல்வது? தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் எழுத எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டு, "நேத்து ஞாயித்துக்கிழமையாச்சே, எங்கேயாவது வெளியே போனீங்களா?" என்று கேட்டேன்.

"பெசன்ட் நகர் பீச்சுக்குப் போயிட்டு, அப்படியே ஹோட்டல்ல சாப்பிட்டுட்டு வந்தோம் டாக்டர். எட்டரைக்கெல்லாம் சாப்பிட்டு முடிச்சாச்சு" என்றார் மாமியார்.

"நீ எத்தனை மணிக்கும்மா சாப்பிட்டே?"

அந்தப் பெண் ஒரு தரம் மாமியாரைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வீட்டுக்கு வந்து, பதினோரு மணிக்கு, மோர் சாதம்."

நடந்தது இதுதான். வீட்டிலிருந்து ஐந்து பேர் கிளம்பியிருக்கிறார்கள். ஹோட்டலில் டேபிள் கிடைக்கவே முக்கால் மணி நேரம். குழந்தை வழக்கமாகத் தூங்குகிற நேரம் அது. தோசை வந்ததும் குழந்தை வீரிட்டிருக்கிறது. பக்கத்து டேபிள்காரர்கள் திரும்பிப் பார்க்க, இந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் போய் நின்றிருக்கிறார். மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவருடைய தோசை ஆறி வறட்டியாகியிருக்கிறது. "பார்சல் வாங்கிக்கலாம் விடு" என்று கணவர் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்து பால் கொடுக்க இடமில்லாததால், சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து இரவு பத்து மணி வரை குழந்தைக்குத் தாய்ப்பாலும் இல்லை. புட்டியில் கொண்டுபோன பால்தான்.

வீடு திரும்பியபோது தாய்க்கு மார்பு கட்டி வலி, தலை சுற்றல். குழந்தைக்கோ தூக்கம் கெட்ட எரிச்சல். ஐந்து பேர் போய் வந்த உல்லாசப் பயணத்தில் இரண்டு பேர் பட்டினி!

வாசகர்களே, இந்தக் குடும்பத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல குடும்பம்தான். குழந்தைக்கு ஸ்வெட்டர், குல்லா, மாற்றுத் துணி, டயபர், கிலுகிலுப்பை எல்லாம் மறக்காமல் எடுத்துப் போயிருக்கிறார்கள். தாய்க்குப் பசிக்கும் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். நம்மில் பல வீடுகளில் நடப்பது இதுதான்.

தாய்க்கும் சேர்த்துத்தான் வைத்தியம்

சித்த மருத்துவத்தில் குழந்தை வைத்தியத்துக்குப் பாலவாகடம் என்றே தனிப் பிரிவு உண்டு. பால் குடிக்கிற பிள்ளைக்கு நோய் என்றால் தாய்க்கும் மருந்தும் பத்தியமும் சொல்வது எங்கள் மரபு. இருவரையும் ஒரே நோயாளியாகப் பார்ப்பது போல. இன்றைய ஊட்டச்சத்து அறிவும் அதற்கு ஒத்துப்போகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவுப்படி, பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் வழக்கத்தைவிடத் தினமும் 600 கலோரியும், அடுத்த ஆறு மாதங்களில் 520 கலோரியும் கூடுதலாக வேண்டும். கிட்டத்தட்ட இன்னொரு வேளைச் சாப்பாடு. கூடுதலாக ஒரு வேளை சாப்பிட வேண்டியவருக்கு, இருக்கிற வேளையையும் நாம் பறித்துக்கொண்டால்?

பயப்பட வேண்டாம், ஒரு வேளை சாப்பிடாததால் பால் வற்றிவிடாது. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். ஆனால் வாரா வாரம் வெளியே போகும்போதெல்லாம் கூச்சத்தாலோ இடமில்லாததாலோ ஐந்து மணி நேரம் பால் கொடுக்காமல் புட்டியை நீட்டினால், பால் மெல்ல மெல்லக் குறையத்தான் செய்யும். அப்புறம் லேகியத்தைத் தேடி என்ன பயன்?

என் வீட்டிலும் நடந்தது

ஊருக்கு உபதேசம் செய்கிறேனே, நான் மட்டும் ஒழுங்கா? இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், மகனுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, குடும்பத்தோடு ஒரு பொருட்காட்சிக்குப் போனோம். பிள்ளை அழுததும் என் மனைவி ஒரு கடைக்குப் பின்னால் ஒதுங்கி, மரப்பெட்டி மேல் உட்கார்ந்து பால் கொடுத்தாள். நான் நண்பர்களோடு நின்று சுடச்சுட மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். அவள் வந்தபோது அவளுக்காக வைத்திருந்த பஜ்ஜி சில்லிட்டு, எண்ணெய் கக்கிக்கொண்டிருந்தது. "பரவாயில்லை, பசிக்கலை" என்றாள். நானும் நம்பிவிட்டேன்!

போன வருஷம் எங்களுக்குப் பேரன் பிறந்து, எல்லோரும் ஹோட்டலுக்குக் கிளம்பியபோதுதான் என்னிடம் சொன்னாள்: "அன்னிக்கு எனக்கு அவ்வளவு பசிங்க. பிள்ளையைக் கொஞ்ச நேரம் நீங்க வாங்கியிருந்தா சாப்பிட்டிருப்பேன்." குழந்தை மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவனுக்கு இது தெரிய இத்தனை வருஷம் ஆயிற்று.

அப்படியானால் வீட்டிலேயே இருந்துவிடலாமா?

"இதுக்குத்தான் நாங்க அப்பவே சொன்னோம், ஒரு வயசு வரைக்கும் புள்ளைய வெளியே தூக்கிட்டுப் போகாதேன்னு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் பாதி நியாயம் உண்டு. பிறந்த முதல் சில வாரங்கள் கூட்டத்தைத் தவிர்ப்பது நல்லது. 6, 10, 14 வாரங்களில் போட வேண்டிய தடுப்பூசிகள் முடியும்வரை சந்தை, கல்யாண மண்டபம், ஜனநெரிசலான கடைத்தெரு வேண்டாம் என்பதே என் கருத்தும்.

ஆனால் ஒரு வருஷம் முழுக்க இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் நான்கு சுவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணின் மனசு என்னாகும்? கிராமத்தில் திண்ணை இருந்தது, வாசலில் வேப்பமரம் இருந்தது, பிள்ளையை வாங்கிக்கொள்ள நாலு கைகள் இருந்தன. நகரத்தில் அதெல்லாம் எங்கே? பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வோடு வருகிற பெண்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களுக்கு மருந்தோடு சாயங்காலக் காற்றும் வேண்டும். ஆகவே, தாராளமாக வெளியே போங்கள். போகிற விதத்தைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் முன் கவனிக்க

1. குழந்தையின் நேரத்துக்கு நாம் போக வேண்டும், நம் நேரத்துக்குக் குழந்தை வராது. இரவு எட்டரை மணி ஹோட்டல் சாப்பாட்டைவிட, சாயங்காலம் ஆறு மணி டிபன் நல்லது. கூட்டமும் குறைவு, குழந்தையும் விழித்திருக்கும்.

2. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூட வேண்டாம். பீச்சில் விற்கிற எதையும் "சும்மா நாக்குல தடவுறேன்" என்று தாத்தா தடவ வேண்டாம்.

3. ஆறு மாதத்துக்கு மேல் குழந்தைக்கான உணவு வீட்டிலிருந்தே வரட்டும். பருப்பு சாதமோ கூழோ செய்து எடுத்துப்போனால் நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதைவிடச் சுலபம், வறுத்துப் பொடித்த அரிசி பருப்பு மாவை ஒரு டப்பாவிலும், கொதித்த வெந்நீரை பிளாஸ்கிலும் எடுத்துப்போய் அங்கேயே கரைப்பது. வாழைப்பழம் இன்னும் சுலபம். தோலோடு வருகிற டிபன் பாக்ஸ் அது!

4. ஹோட்டலில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஆவி பறக்கிற இட்லியின் நடுப்பகுதியை வெந்நீர் விட்டு மசித்துக் கொஞ்சம் கொடுக்கலாம். சாம்பாரில் உப்பும் காரமும். தேங்காய்ச் சட்னி சீக்கிரம் கெடும். இரண்டும் வேண்டாம். ஒரு வயது வரை உணவில் தனியாக உப்பு, சர்க்கரை சேர்க்கத் தேவையில்லை.

5. தேன் வேண்டவே வேண்டாம். தேனை அனுபானமாகக் கொடுத்துப் பழகிய சித்த மருத்துவன் சொல்கிறேன். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம்.

6. வேர்க்கடலை, பொரிகடலை, முழுத் திராட்சை, முறுக்குத் துண்டு ஆகியவை குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. மூச்சுக்குழலில் சிக்கினால் ஆபத்து.

7. வெளியில் புட்டியைச் சுத்தமாகக் கழுவ வழியில்லை. பிழிந்த தாய்ப்பாலோ வேறு பாலோ கொடுக்க வேண்டியிருந்தால், பாட்டி காலத்துச் சங்கு அல்லது பாலாடையைச் சுடுநீரில் கொதிக்க வைத்து எடுத்துப் போங்கள்.

8. அழுகையை அடக்க செல்போனைக் காட்டாதீர்கள். ஒரு வயது வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019லேயே சொல்லிவிட்டது. சர்வர் தட்டு அடுக்குவதைப் பார்ப்பதே குழந்தைக்குப் பெரிய சினிமா.

9. ஸ்கூட்டரில் நடுவில் கைக்குழந்தையைச் செருகிக்கொண்டு போவதை விடுங்கள். 9 மாதம் முதல் 4 வயது வரையான குழந்தைக்குத் தலைக்கவசமும், 4 வயது வரை பாதுகாப்பு வாரும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. கைக்குழந்தை இருக்கும்போது ஆட்டோ, பஸ், மெட்ரோ ரயில்தான் நல்லது.

இத்தனையையும் விட முக்கியமான ஒன்று. டேபிளுக்கு முதலில் வருகிற தட்டு தாயின் முன்னால் வைக்கப்பட வேண்டும். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை குழந்தை அப்பாவிடமோ தாத்தாவிடமோ பாட்டியிடமோ இருக்க வேண்டும். ஆறின தோசை யாருக்காவது வாய்த்தே தீரும் என்றால், அது அப்பாவுக்கு வாய்க்கட்டும். ஒன்றும் ஆகிவிடாது.

ஹோட்டல்காரர்களுக்கு ஒரு வார்த்தை

2015 ஆகஸ்ட் மாதம் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. பேருந்து நிலையத்தில் முடிந்தது, நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற ஹோட்டலில் முடியாதா? தனி அறைகூட வேண்டாம். மூலையில் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு திரைச்சீலை போதும். டயபர் மாற்ற ஒரு பலகை இருந்தால் இன்னும் நல்லது. கைக்குழந்தையோடு வருபவர்களை வரிசையில் முன்னால் விடுங்கள். பசியோடு காத்திருக்கிற பெரியவர்கள் அதற்குக் கோபிக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

பக்கத்து டேபிள்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குழந்தை அழுதால் திரும்பி முறைக்காதீர்கள். அந்த ஒரு பார்வைதான் தாயைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி வெளியே அனுப்புகிறது.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். லேகியம் எதுவும் எழுதவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கவும், மார்புக் கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும், நன்றாகச் சாப்பிடவும் சொல்லி அனுப்பினேன். எழுந்து வாசல்வரை போன மாமியார் திரும்பி வந்தார்.

"நானும் இவ புருஷனைத் தூக்கிட்டு இப்படித்தான் வெளியே நின்னிருக்கேன் டாக்டர். அதை மறந்தே போயிட்டேன். இந்த ஞாயித்துக்கிழமை புள்ளையை நான் வெச்சுக்கிறேன்" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த தெளிவு இருக்கிறதே, அதற்கு எந்த லேகியமும் ஈடாகாது.