சம்பளம் வேண்டாம், நெகட்டிவ் கொடு!

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் வரவு செலவுதான் தெரியும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கிடாரும் கையுமாக நிற்கிற கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தால் நீங்கள் "அடேயப்பா, என்ன முடி!" என்பீர்கள். நான், "இதோட நெகட்டிவ் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்பேன். என் கவலை எனக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பேரன் வுல்மன் என்று ஓர் அமெரிக்கர். (தாத்தா யாரென்று கேட்காதீர்கள், பெயரே அதுதான்.) ராணுவ வேலையாக பெர்லினில் இருந்தபோது, அப்போதுதான் எழும்பியிருந்த பெர்லின் சுவரைப் படமெடுத்து, கூடவே எழுதி, ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்பினார். 50 டாலர் வந்தது. அவ்வளவுதான், பட்டாளத்துக்காரர் போட்டோகிராபர் ஆகிவிட்டார்.

1967 ஏப்ரலில் கலிபோர்னியாவில் ஒரு கல்லூரியில் ராக் இசை பற்றிய கருத்தரங்கு. அங்கே யான் வென்னர் என்கிற 21 வயசுப் பையன் அவரைப் பிடித்துக்கொண்டான். ராக் இசைக்கென்றே பத்திரிகை ஆரம்பிக்கப் போகிறானாம். பெயர் வைக்கவில்லை, காசும் இல்லை. படம் மட்டும் வேணும்!

நானாக இருந்தால் "யோசிச்சு சொல்றேன் தம்பி" என்று நழுவியிருப்பேன். வுல்மன் சம்பளமே வேண்டாம் என்றார். ஒரே ஒரு கண்டிஷன். படங்களைப் பத்திரிகை எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் சொந்தக்காரர் வுல்மன்தான்.

அந்த நவம்பரில் முதல் இதழ் வந்தது. பெயர், 'ரோலிங் ஸ்டோன்'.

சுமார் மூன்று வருஷம் அதற்குப் படமெடுத்தார். ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்லின், ஜிம் மாரிசன்... அந்தக் காலத்தில் மேடை ஓரம்வரை போகலாம், யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ள மாட்டார்கள். 1969-ல் வுட்ஸ்டாக் விழாவில் மனுஷர் மேடையை விட்டுவிட்டு, சேற்றிலும் மழையிலும் கிடந்த ஜனங்களைத்தான் அதிகம் எடுத்தார்.

1970-ல் ஹெண்ட்ரிக்ஸும் ஜாப்லினும் ஒரு மாச இடைவெளிகூட இல்லாமல் போய்விட்டார்கள். மறுவருஷம் மாரிசன். மூன்று பேருக்கும் வயசு 27. இனி யாரும் அவர்களைப் புதிதாகப் படமெடுக்க முடியாது. சம்பளமில்லாமல் எடுத்த படங்கள் புத்தகமாக, கண்காட்சியாக, பிரிண்ட்டாகப் பல வருஷம் விலைபோயின. வுல்மன் 2020-ல் காலமானார்.

இன்றைக்குப் பெரிய கச்சேரிகளில், முதல் மூணு பாட்டுக்குத்தான் கேமரா. ஃப்ளாஷ் கூடாது. அப்புறம் வெளியே போ! சில பேர் நீட்டுகிற ஒப்பந்தம் நெகட்டிவையே கேட்காத குறை. 2015-ல் ஒரு வேடிக்கை. மூணு மாசம் பாட்டுக்குக் காசு தராமல் ஓசியில் ஒலிபரப்பப் பார்த்த ஆப்பிள் கம்பெனியைக் கண்டித்து டெய்லர் ஸ்விஃப்ட் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆப்பிள் பணிந்தது. உடனே ஒரு பிரிட்டிஷ் போட்டோகிராபர் ஸ்விஃப்டுக்கே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். "எங்ககிட்ட நீங்க நீட்டுற ஒப்பந்தம் மட்டும் என்னவாம்?" என்கிற தோரணையில்! அடுத்த மாசமே ஒப்பந்தம் கொஞ்சம் இளகியது.

இப்போது என் கவலை. முதல் புத்தகம் வந்தபோது பதிப்பாளர் ஒரு தொகையைக் கொடுத்து, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய காகிதத்தை நீட்டினார். 'சகல உரிமைகளும்' என்று ஆரம்பித்தது. பி.காம். படித்த நான் தொகையை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

போன வாரம் ஒரு கடையில் அதன் நாலாவது பதிப்பைப் பார்த்தேன். ஒன்று வாங்கினேன். பத்து பர்சென்ட் தள்ளுபடி கொடுத்தார்கள்.