பிள்ளையின் வரிக் கணக்குக்கு எவ்வளவு வாங்குவது நியாயம்?

சென்னையில் ஆடிட்டரிடம் கணக்கு கொடுத்துப் பழகிய குடும்பம் நியூஜெர்சிக்கோ டல்லாஸுக்கோ குடிபோனால், ஒரு விஷயம் சட்டென்று பிடிபடாது. இந்தியாவில் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் பெயரில் வரும் வட்டி, தாய் தந்தையரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேர்ந்துவிடும். அமெரிக்காவில் அப்படி இல்லை. பெற்றோரைச் சார்ந்திருக்கும் பிள்ளையானாலும் அதன் வருமானம் அதனுடையதே. வரம்பைத் தாண்டினால் அதன் பெயரில் தனி ரிட்டர்ன் போட வேண்டும். அதற்குக் கூலி எவ்வளவு என்பதில்தான் பெற்றோருக்கும் வரிக் கணக்கு போட்டுத் தருபவருக்கும் இடையே மனக்கசப்பு வருகிறது.

சிலர் பெற்றோர் கணக்கோடு சேர்த்து இதை இலவசமாகவே முடித்துத் தருகிறார்கள். வேறு சிலர் பெரியவர்களிடம் வாங்கும் குறைந்தபட்சக் கட்டணத்தை அப்படியே பிள்ளைக்கும் போடுகிறார்கள். இரண்டுமே தவறாகப் போகலாம். ஏனென்றால் ‘பிள்ளை ரிட்டர்ன்’ என்ற ஒரே பெயருக்குள் முற்றிலும் வேறான இரண்டு வேலைகள் இருக்கின்றன.

முதலாவது சின்ன வேலை. பள்ளி மாணவி ஒருத்தி கோடை விடுமுறையில் ஐஸ்கிரீம் கடையில் நின்று 4,000 டாலர் சம்பாதித்தாள் என்று வைத்துக்கொள்வோம். 2025-ம் ஆண்டுக்கு, சம்பளம் மட்டுமே உள்ள பிள்ளைக்கு 15,750 டாலர் வரை வருமான வரி கிடையாது. தாக்கல் செய்யும் கட்டாயமும் இல்லை. கடையில் 180 டாலர் வரி பிடித்திருந்தால், அதைத் திரும்ப வாங்கத்தான் ரிட்டர்ன். சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்கும் பிடித்த 306 டாலர் எப்படியும் வராது. அந்த 180 டாலரை மீட்டுத் தர 150 டாலர் வாங்கினால், அவளுக்கு மிஞ்சுவது 30. அதை நியாயம் என்று யாரும் சொல்ல முடியாது. போன வருடம் வரி இல்லை, இந்த வருடமும் இருக்காது என்றால், வேலைக்குச் சேரும்போதே டபிள்யூ-4 படிவத்தில் விலக்கு கேட்டு, அந்தப் பிடித்தத்தையே தவிர்த்திருக்கலாம். அக்கறையுள்ள கணக்காளர் இதை முந்தைய ஏப்ரலிலேயே சொல்லிவிடுவார்.

ஆனால் இந்தச் சின்ன வேலையிலும் ஒரு கண்ணி உண்டு. ‘வேறொருவர் உங்களைத் தம்மைச் சார்ந்தவராகக் காட்ட முடியுமா?’ என்று ரிட்டர்ன் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. கல்லூரி மாணவன் தானாகவே தாக்கல் செய்யும்போது, ரீஃபண்ட் வரும் அவசரத்தில் அதைக் குறிக்காமல் விட்டுவிடுகிறான். பிறகு பெற்றோர் அவனைத் தங்கள் கணக்கில் காட்டும்போது மின்வழித் தாக்கல் நிராகரிக்கப்படலாம். கல்லூரிச் செலவுக்காகக் கிடைக்கும் 2,500 டாலர் வரையிலான வரிச் சலுகை அந்த ஒரு கட்டத்தில் தொங்குகிறது. அவன் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தம் போட வேண்டும். பெற்றோர் காத்திருக்க வேண்டும். ஆகவே டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவம் ஒன்று மட்டுமே உள்ள பிள்ளையின் கணக்கை வாடிக்கைக் குடும்பத்துக்கு இலவசமாகப் போட்டுத் தருவதை யாரும் தர்மமாக நினைக்க வேண்டியதில்லை. பெற்றோருக்குச் செய்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியே அது.

இரண்டாவது வேலை கனமானது. பிள்ளை பெயரில் பங்கு, ஃபண்ட், வைப்புத்தொகை இருந்தால் ‘கிட்டி டாக்ஸ்’ வந்து நிற்கும். பணக்காரப் பெற்றோர் சொத்தைப் பிள்ளை பெயருக்கு மாற்றி வரியைக் குறைப்பதைத் தடுக்க 1986-ல் கொண்டுவந்த விதி இது. அப்போது பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் இருந்தது. இன்றோ, தன் செலவில் பாதிக்கு மேல் சொந்தச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளாத முழுநேர மாணவரை 24 வயது ஆகும்வரை விடாது. 8,000 டாலர் வட்டி வந்தால், 2025 கணக்கில் முதல் 1,350-க்கு வரி இல்லை; அடுத்த 1,350-க்குப் பிள்ளையின் விகிதம்; மீதி 5,300-க்குப் பெற்றோரின் விகிதம். பெற்றோர் 24 சதவீதத்தில் இருந்தால் மொத்தம் 1,407 டாலர்.

இதற்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. வட்டியும் டிவிடெண்டும் ஃபண்ட் பிரித்துத் தரும் மூலதன ஆதாயமும் மட்டும் என்றால், 8814 படிவம் வழியாகப் பெற்றோர் தங்கள் ரிட்டர்னிலேயே சேர்த்துக்கொள்ளலாம். தனி ரிட்டர்னும் அதற்கான கட்டணமும் மிச்சம். ஆனால் பிள்ளை தனியே தாக்கல் செய்தால் வரியே இல்லாமல் போயிருக்கக்கூடிய டிவிடெண்டுக்கு, இந்த வழியில் 135 டாலர் வரை கூடுதலாகக் கட்ட நேரும். பெற்றோரின் மொத்த வருமானமும் ஏறி வேறு சலுகைகளைக் குறைக்கலாம். இரண்டு வழியும் போட்டுப் பார்த்துச் சொல்வதற்குத்தான் கணக்காளருக்குக் காசு. ஒரு பங்கை விற்றிருந்தாலும் 8814 செல்லாது. கைப்பேசியில் நாள் முழுக்க வாங்கி விற்ற மாணவனின் கணக்கு, வீடும் வேலையுமாக இருக்கும் அவன் அப்பாவின் கணக்கைவிடப் பெரிதாக இருக்கும். அங்கே “சின்னப் பையன் கணக்குதானே சார்” என்று பேரம் பேசுவது உழைப்பவருக்குச் செய்யும் அநீதி. முழுக் கட்டணம் கொடுக்க வேண்டும்.

தமிழ்க் குடும்பங்கள் இடறும் இடம் இன்னொன்று. மதுரையில் தாத்தா பேத்தி பெயரில் போட்ட ஃபிக்ஸட் டெபாசிட்டின் வட்டியும் அமெரிக்கக் கணக்கில் வரும். அவள் பெயரில் வெளிநாட்டில் இருக்கும் கணக்குகளின் மொத்தம் வருடத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் ‘எஃப்பார்’ அறிக்கை தர வேண்டும். அவளால் முடியாவிட்டால் பெற்றோர் தர வேண்டும். இந்தக் கேள்வியையே கேட்காத கணக்காளர், இலவசமாகச் செய்து தந்தாலும் வேண்டாம்.

காசு வாங்கிக்கொண்டு வரிக் கணக்கு போட்டுத் தருபவருக்கு அமெரிக்க மத்திய அரசின் உரிமம் தேவையில்லை; பதிவு எண் ஒன்று இருந்தால் போதும். தகுதித் தேர்வைக் கட்டாயமாக்க வருமான வரித்துறை முயன்றபோது, அந்த அதிகாரம் அதற்கு இல்லை என்று 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போட மறுப்பவரையும், ரீஃபண்டில் சதவீதம் கேட்பவரையும் தவிர்க்கும்படி வருமான வரித்துறையே எச்சரிக்கிறது. ஆகவே காகிதங்களைக் கொடுக்கும் முன்பே, பிள்ளையின் கணக்கில் என்னென்ன வேலை, எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பதினெட்டு ஆகிவிட்டால் அது தனி வாடிக்கையாளர். அதன் சம்மதம் இல்லாமல் அதன் கணக்கைப் பற்றிக் கணக்காளர் உங்களிடம் பேசக்கூடாது. அந்தப் பேச்சில் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.