குளிர் நாட்டில் குடியேறுமுன்: ஊரைத் தேர்ந்தெடுக்கும் வரிசை



நம் முன்னோர் பிழைப்பு தேடிப் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் கொழும்புக்கும் சென்றார்கள். அடுத்த தலைமுறை வளைகுடாவுக்குச் சென்றது. அந்தப் பயணங்களில் குடும்பம் பெரும்பாலும் ஊரிலேயே தங்கிவிடும். சென்ற இடத்தில் பாங்கோசையும் பழகிய வெயிலும் இருந்தன. இன்று கனடாவுக்குச் செல்லும் நம் பிள்ளைகளோ மனைவி மக்களுடன், திரும்பிவரும் எண்ணமின்றி, குடியிருக்கவே செல்கிறார்கள். இது வேறு வகைப் பயணம். எனவே ஊரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் வேறாக இருக்க வேண்டும்.

ஆனால் மதரஸாவுக்கு ஆலோசனை கேட்டு வரும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைகின்றன. எந்த மாகாணத்தில் நிரந்தரக் குடியுரிமை விரைவில் கிடைக்கும்? எங்கே வாடகை குறைவு? எங்கே சம்பளம் அதிகம்? இவை தவறான கேள்விகள் அல்ல. ஆனால் முதல் கேள்விகளும் அல்ல என்பதே நம் கருத்து.

இப்ராஹீம் நபியின் துஆவில் உள்ள வரிசை

தம் மனைவி ஹாஜரா (அலை) அவர்களையும் பச்சிளங்குழந்தை இஸ்மாயீல் (அலை) அவர்களையும் பயிர்பச்சையற்ற பள்ளத்தாக்கில் குடியமர்த்திய இப்ராஹீம் (அலை) அவர்கள் அங்கே அல்லாஹ்விடம் கையேந்தினார்கள். அந்தத் துஆ அவர்களின் பெயரால் அமைந்த சூராவின் 37ஆம் வசனத்தில் இடம்பெற்றுள்ளது. அதில் மூன்று செய்திகள் வரிசையாக வருகின்றன. முதலாவது, தம் சந்ததியார் தொழுகையை நிலைநாட்ட வேண்டும் என்பது. இரண்டாவது, மனிதர்களின் உள்ளங்கள் அவர்கள்பால் சாய வேண்டும் என்பது. மூன்றாவதாகவே உணவும் கனிவர்க்கமும் வருகின்றன.

குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு கேட்ட துஆவிலும் ரிஸ்க் மூன்றாவது இடத்தில்தான் இருந்தது. தொழுகை, மனிதர்கள், பிழைப்பு என்னும் இந்த வரிசையை வைத்துக்கொண்டு ஓர் ஊரை எடைபோட்டுப் பார்ப்போம்.

தொழுகை: வரைபடத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள்

தமிழ்நாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. டொராண்டோவில் அது ஆறரை மணி நேரம். எட்மன்டனில் ஒன்பதரை மணி நேரத்துக்கும் மேல். அங்கு ஜூன் மாதப் பகல் 17 மணி நேரம், டிசம்பர்ப் பகல் ஏழரை மணி நேரம்.

டிசம்பரில் எட்மன்டனில் பணிபுரியும் ஒருவருக்கு லுஹர், அஸர், மஃரிப் ஆகிய மூன்று தொழுகைகளின் நேரங்களும் பகல் பன்னிரண்டரைக்கும் மாலை நான்கேகாலுக்கும் இடையில் தொடங்கிவிடும். மூன்றும் அலுவலக நேரத்திற்குள்ளேயே வரும். பணியிடத்தில் தொழ இடமும் இடைவேளையும் கிடைக்குமா என்பதை வேலையை ஏற்பதற்கு முன்னரே கேட்டறிவது கடமை. ஜூனிலோ சூரியன் இரவு பத்து மணிக்கு மறையும். எட்மன்டனிலும் வின்னிபெக்கிலும் கோடையின் நடுவே சில வாரங்கள் வானம் முற்றிலும் இருள்வதே இல்லை. அந்நாட்களில் இஷா, ஃபஜ்ர் நேரங்களைக் கணிப்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எந்தப் பள்ளிவாசலின் அட்டவணையைப் பின்பற்றுவது என்பதை முன்னரே தெளிவுபடுத்திக்கொண்டால் குடும்பத்தில் குழப்பம் இராது.

ரமலான் ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாட்கள் முன்னே நகர்கிறது. 2030ஆம் ஆண்டில் அது ஜனவரியிலும் மீண்டும் டிசம்பர் இறுதியிலும் வரும். ஆகவே இன்று குடியேறும் குடும்பத்தின் சிறுவர்கள் குறுகிய குளிர்காலப் பகல்களில்தான் நோன்பைப் பழகுவார்கள். ஜூன் மாத நோன்பு 2040களின் பிற்பகுதியில் திரும்பிவரும். அதற்குள் நோன்பின் சுவை அவர்கள் உள்ளத்தில் ஊறியிருக்க வேண்டும். இது வடக்கே செல்வோருக்கு அல்லாஹ் தந்திருக்கும் அவகாசம்.

அடுத்தது தூரம். கோடையில் இருபது நிமிட நடை என்பது எளிது. மைனஸ் 30 டிகிரியில் காற்றும் வீசும்போது, மூடாத தோல் சில நிமிடங்களிலேயே உறைந்து புண்படும். வின்னிபெக்கில் ஜனவரி இரவுகள் சராசரியாகவே மைனஸ் 20ஐ ஒட்டியிருக்கும். காரின் என்ஜின் உறைந்துவிடாமலிருக்க இரவு முழுவதும் அதை மின்இணைப்பில் செருகிவைக்கிறார்கள். எனவே பள்ளிவாசல் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று மட்டும் கேட்பது போதாது. ஜனவரி மாதத்தில், காரில்லாத ஒருவர், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச்சேர முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் அந்த வீட்டின் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது தொலைவான வீடே.

மனிதர்கள்: வீட்டிலிருக்கும் பெண்ணிடம் கேளுங்கள்

ஊரைத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனைகளில் மிகக் குறைவாகக் கேட்கப்படுவது பெண்களின் குரல். கணவர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற்கும் சென்றபின், ஐந்து மாதக் குளிரில், நான்கு மணிக்கே இருட்டும் ஊரில், அடித்தள வீட்டில் தனித்திருப்பவர் அவர்தான். ஊரில் கொல்லைப்புறத்துக் கதவைத் திறந்தாலே நாலு பேர் இருந்த வாழ்விலிருந்து சென்றவர். அங்கே கதவைத் திறந்தால் பனி மட்டுமே இருக்கும். அந்தத் தனிமையை ஈமானின் குறைவென்று யாரும் பழிக்க வேண்டாம். தனிமை யாரையும் வாட்டும்.

எனவே, அவ்வூரில் முன்பே வாழும் சகோதரரிடம் சம்பளத்தையும் வாடகையையும் விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள். அவருடைய மனைவியிடம் உங்கள் மனைவி பேசட்டும். பெண்கள் கூடும் மஜ்லிஸ் உண்டா, பள்ளிவாசலில் பெண்களுக்கு இடம் உண்டா, பிரசவத்தின்போது கஞ்சி காய்ச்சித் தர யாராவது வருவார்களா என்று கேட்கட்டும். சென்ற முதல் ஆண்டிலேயே மனைவியும் கார் ஓட்டக் கற்று உரிமம் பெற வேண்டும். அங்கே அது ஆடம்பரமல்ல, தேவை.

பிள்ளைகளுக்கு வார இறுதி மக்தப் இருக்கிறதா, ஹலால் இறைச்சி எங்கே கிடைக்கிறது என்பவற்றையெல்லாம் எவரும் கேட்டுவிடுவர். கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு: மையவாடி எங்கே? ஒருவர் மவ்த்தானால் குளிப்பாட்டத் தெரிந்தவர்கள் அவ்வூரில் எத்தனை பேர்? கடுங்குளிரில் நிலம் கல்லாக இறுகிக் கிடக்கையில் கப்ரு தோண்ட என்ன ஏற்பாடு? நிரந்தரமாகக் குடியேறுவது என்றால் அங்கேயே அடக்கமாவதற்கும் உடன்படுவதாகும். ஜனாஸாவைத் தோளில் சுமக்க ஆள் இருக்கும் ஊரே வாழ்வதற்கும் உகந்த ஊர்.

பிழைப்பு: வாக்கும் அதில் அடக்கம்

மூன்றாவதாகவே வேலையும் வீடும் வருகின்றன. இதில் மார்க்கம் சார்ந்த ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். மாகாண நியமனத் திட்டத்தின் வழியே செல்பவர், அந்த மாகாணத்தில் வாழும் நோக்கத்துடனேயே விண்ணப்பிக்கிறார். நிரந்தரக் குடியுரிமை பெற்றபின் நாட்டின் எப்பகுதிக்கும் செல்லும் உரிமையை அந்நாட்டு அரசியல் சாசனம் தருகிறது. சூழ்நிலை மாறினால் இடம்மாறுவதில் குற்றமில்லை. ஆனால் தொடக்கத்திலிருந்தே டொராண்டோவை மனத்தில் வைத்துக்கொண்டு, சஸ்காட்சுவானில் வாழ்வேன் என்று எழுதிக்கொடுப்பது பொய். அந்நாட்டுச் சட்டத்திலும் அது குற்றமாகலாம். நிய்யத்தில் பொய்யை வைத்துத் தொடங்கிய பயணத்தில் பரக்கத்தை எவ்வாறு எதிர்பார்ப்பது? வாழ மனமில்லாத மாகாணத்தின் பெயரில் விண்ணப்பிக்காதீர்கள்.

அப்படியானால் சிற்றூருக்கு யார் செல்வது?

ஜமாஅத் இருக்கும் இடத்திற்கே எல்லாரும் சென்றால் புதிய இடங்களில் ஜமாஅத் எவ்வாறு உருவாகும் என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. கனடாவின் முதல் பள்ளிவாசலான எட்மன்டன் அல் ரஷீத், 1938இல் லெபனான் வழிவந்த சிறு சமுதாயத்தின் உழைப்பால் எழுந்தது. ஹில்வி ஹம்டன் என்ற பெண்மணியும் அவருடைய தோழியரும் நகர மேயரை நேரில் கண்டு நிலம் கேட்டார்கள். கடைகடையாக ஏறி இறங்கி நிதி திரட்டினார்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே உள்ள இனூவிக்கில் ஏறத்தாழ நூறு முஸ்லிம்களே இருந்தார்கள். 2010இல் அவர்களுக்காக வின்னிபெக்கில் ஒரு பள்ளிவாசல் கட்டப்பட்டு, லாரியிலும் பின்னர் ஆற்றில் படகிலுமாக ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பயணித்து ஊர் சேர்ந்தது. கோடையில் பல வாரங்கள் சூரியனே மறையாத ஊர் அது. ஓராண்டு அளவுக்கு நீளும் நாளில் தொழுகையை எப்படித் தொழுவது என்று தோழர்கள் கேட்டபோது, நேரத்தைக் கணித்துத் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அத்தகைய ஊர்களுக்கு அதுவே ஆதாரம்.

ஆகவே வழி மூடப்படவில்லை. ஆனால் அவர்கள் ஒரு ஜமாஅத்தை உருவாக்கும் நோக்கத்தோடு நின்றவர்கள். பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எழுப்பிய நம் முன்னோரும் அவ்வாறே. திருமணமாகாத இளைஞரோ, உறுதியும் மார்க்க அறிவும் உடைய தம்பதியரோ, இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தோ அத்தகைய நிய்யத்துடன் சிற்றூருக்குச் செல்லட்டும், அது நன்மை. பள்ளிவயதுப் பிள்ளைகளோடு, சம்பளத்தை மட்டும் நம்பி, தனிக்குடும்பமாகச் செல்ல வேண்டாம் என்பதே நம் ஆலோசனை. அதேபோல் நம் ஊர்க்காரர் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகப் பெருநகரில் தாங்க முடியாத வாடகைக்குள் சிக்குவதும் அறிவுடைமையன்று. ஊர்க்காரராக இல்லாவிடினும், உருது பேசும் சோமாலி பேசும் சகோதரர்கள் நிறைந்த ஒரு நடுத்தர நகரம், நம்மவருக்கு நல்ல அன்ஸாரிகளைத் தரக்கூடும்.

செய்ய வேண்டியவை

இயன்றால் குடும்பத்தலைவர் முதலில் தனியே சென்று ஒரு குளிர்காலத்தைக் கழிக்கட்டும். ஜூலையில் பார்த்த ஊரை நம்பி வீடு வாங்க வேண்டாம், ஜனவரியில் பாருங்கள். ஒளுவுக்குப்பின் அணிந்து மஸ்ஹு செய்வதற்கான தோல் காலுறையை அனைவருக்கும் எடுத்துச் செல்லுங்கள். ஊரில் தங்கியிருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் அந்தச் சலுகை உண்டு. மனைவியோடும் வளர்ந்த பிள்ளைகளோடும் மஷூரா செய்து, இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள்.

அல்லாஹ்வின் பூமி விசாலமானது. அதில் எந்த மூலையில் நாம் தங்கினாலும், நம் சந்ததியார் தொழுகையை நிலைநாட்டுவோராகவும், நல்லோரின் உள்ளங்கள் அவர்கள்பால் சாய்பவையாகவும், அவர்களின் உணவு ஹலாலானதாகவும் அமைய வல்ல நாயன் அருள்புரிவானாக. ஆமீன்.