என்ன மாறிவிட்டது என்று கேட்கிறார்கள்

என் மகள் ஒரு பாடத்தில்கூடத் தோற்றதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எய்ட் நின்னுபோச்சாமே" என்று விசாரிக்கிற எல்லாரும் அடுத்த மூச்சில், "ஏன், சரியாப் படிக்கலையா?" என்றுதான் கேட்கிறார்கள். படித்தாள். முடித்த பாடங்களில் அவளுடைய ஜிபிஏ 3.4. கல்லூரியின் பதிவேட்டில் இன்றைக்கும் அவள் நல்ல மாணவிதான். அடுத்த செமஸ்டருக்குத் தாராளமாக வரலாம், பணத்தைக் கையோடு கொண்டுவந்தால் போதும் என்கிறார்கள். பணம் இல்லாமல்தானே உதவிக்கு மனுப் போட்டோம்?

நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்தது என் நாத்தனார் போட்ட மனுவில். பத்து வருஷத்துக்கும் மேல் காத்துக் கிடந்து வாங்கிய கிரீன் கார்டு. திருநெல்வேலிப் பக்கம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் கணவர் இங்கே பெட்ரோல் பங்கில் நின்றார். வண்டி ஓட்டுகிறவர் தானே இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்த மாநிலத்தில் 1949இல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. நான் எடிசன் என்ற ஊரில் ஒரு கடையின் சமையலறையில் மாவு அரைக்கிறேன், இட்லி அவிக்கிறேன். மகள் நர்ஸ் ஆக வேண்டும் என்று கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தாள். பெல் கிராண்ட் என்ற அரசாங்க உதவிப்பணம் கிடைத்தது. ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர். திருப்பிக் கட்ட வேண்டாத பணம். எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளை கடனில்லாமல் படிக்க இந்த நாட்டில் இருக்கிற பெரிய வழி அது.

முதல் செமஸ்டரில் 15 கிரெடிட் எடுத்தாள், பதினைந்தையும் முடித்தாள். அடுத்த செமஸ்டரில் மறுபடி 15. மார்ச் மாதம் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. எங்கள் வீட்டில் தடுமாறாமல் இங்கிலீஷ் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். டாக்டரிடம் பேச, இன்ஷூரன்ஸ்காரர்களுக்காக போனைக் காதில் வைத்தபடி மணிக்கணக்கில் காத்திருக்க, பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக, பள்ளிக்கூடத்திலிருந்து தம்பியை அழைத்துவர, எல்லாவற்றுக்கும் அவள். நான் வேலையை விட்டால் வாடகை நின்றுவிடும். யார் வேலையை விடுவது, யார் படிப்பை விடுவது என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து யாரும் பேசவில்லை. பேசாமலே அவள் நான்கு பாடங்களை விட்டாள்.

அதுவும் தானாக விடவில்லை. காலேஜில் ஆலோசனை சொல்ல என்றே உட்கார்ந்திருக்கிறவர்களிடம் கேட்டுத்தான் விட்டாள். "ஃபெயில் ஆகறதுக்கு பதிலா வித்ட்ரா பண்ணிடு. டபிள்யூ விழும், ஜிபிஏ குறையாது" என்றார்கள். சொன்னது உண்மைதான், ஜிபிஏ குறையவில்லை. அதே கட்டடத்தில் இன்னொரு ஜன்னலுக்குப் பின்னால் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. உதவிப்பணம் வாங்குகிற மாணவர் எடுத்த கிரெடிட் எத்தனை, முடித்தது எத்தனை என்று அங்கே வகுத்துப் பார்க்கிறார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் 67 சதவீதம் வேண்டும். டபிள்யூ விழுந்த பாடம் எடுத்த கணக்கில் ஏறும், முடித்த கணக்கில் ஏறாது. அவள் எடுத்த முப்பதில் முடித்தது பதினெட்டு என்றால் 60 சதவீதம். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அடுத்த செமஸ்டரில் 12 எடுத்தாள். அவள் அப்பா மறுபடி ஆஸ்பத்திரியில் படுத்தார். ஆறைத்தான் முடிக்க முடிந்தது. 42இல் 24. 57 சதவீதம். உதவி நின்றது.

இப்போது அவள் தன் கைக்காசு போட்டு நான்கு பாடம் படித்து, நான்கையும் முடித்தால் 54இல் 36. 66.67 சதவீதம். 67 வேண்டுமாம். ஆகவே ஐந்தாவது பாடத்துக்கும் காசு கட்ட வேண்டும். இந்தக் கணக்கை நான் கடையில் பில் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அந்தப் புள்ளிக்குப் பின்னால் வருகிற துண்டுக்கு ஒரு முழுப் பாடத்தின் கட்டணம்.

அவளோடு படித்த ஒரு பையனின் அப்பா டாக்டர். அவன் ஒரு செமஸ்டர் முழுக்கக் கோட்டை விட்டான். அவன் வீட்டில் மறுபடி கட்டினார்கள், அவன் மறுபடி படிக்கிறான். நன்றாக இருக்கட்டும், அவன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் இந்த 67 அவனைத் தொடுவதே இல்லை. சொந்தப் பணம் கட்டுகிற பிள்ளை பாடத்தை எடுக்கலாம், விடலாம், மனம் மாறிப் பிரிவை மாற்றலாம். உதவி வாங்குகிற பிள்ளை ஒருமுறை விட்டது பதிவில் நின்றுகொண்டே இருக்கும். 60 கிரெடிட் படிப்பென்றால் எடுத்த கணக்கு 90ஐத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு வேறு. ஏழைப் பிள்ளைக்கு மட்டும் தடுக்கி விழ எண்ணி எண்ணி இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பீல் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் சட்டத்தை வாசித்துக் காட்டினாள் என் மகள்: கல்லூரி அப்பீலை அனுமதித்தால்தான் அப்பீல். அனுமதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கல்லூரி மறுத்துவிட்டால் வாஷிங்டனில் முறையிடவும் வழியில்லை. எங்கள் கல்லூரி அனுமதித்தது. உறவினர் சாவு, மாணவருக்கே வந்த காயம் அல்லது நோய், வேறு விசேஷ நிலைமை, எது காரணமோ அதை எழுதிச் சான்று இணைக்க வேண்டும். ஆஸ்பத்திரித் தாள்களை எல்லாம் இணைத்தாள். பெற்ற தகப்பன் வாய் பேச முடியாமல் கிடப்பதை நகல் எடுத்து, முன்பின் தெரியாத ஒரு கமிட்டிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டோம்.

இரண்டாவது கேள்விதான் எங்களைக் கொன்றது. இப்போது என்ன மாறியிருக்கிறது? அடுத்த தடவை நீ தேறுவாய் என்பதற்கு உன் நிலைமையில் என்ன மாற்றம்?

விவரம் தெரிந்த ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "அப்பா குணமாயிட்டார், வீட்டுக்கு ஆள் வெச்சாச்சுன்னு எழுதும்மா, பாஸ் பண்ணிடுவாங்க." அன்று ராத்திரி அவள் என்னிடம் கேட்டாள். "அப்பா நல்லாயிட்டார்னு நான் எப்படிம்மா எழுதுவேன்? அவர் நல்லாகலையே." எழுதவில்லை. உள்ளதை எழுதினாள். அப்பா இன்னும் படுக்கையில் இருக்கிறார், அம்மா ராத்திரி ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டார், நான் குறைவாகப் பாடம் எடுத்து ஒவ்வொன்றாக முடிப்பேன், என் மதிப்பெண்களைப் பாருங்கள் என்று எழுதினாள். மாற்றத்துக்கான ஆதாரம் போதவில்லை என்று பதில் வந்தது.

என்ன மாற வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள்? பக்கவாதம் ஒரு செமஸ்டரில் வந்து அடுத்த செமஸ்டரில் போகிற நோயா? வறுமை தேதி போட்டு முடிகிற விஷயமா? அவர் செத்திருந்தால் இறப்புச் சான்றிதழ் இணைத்திருப்போம், சட்டத்தில் முதலில் இருக்கிற காரணமே அதுதான், உடனே ஒப்புக்கொண்டிருப்பீர்கள். அவர் உயிரோடு இருக்கிறார். தினமும் கழுவித் துடைத்து ஊட்ட வேண்டிய மனிதராக இருக்கிறார். அதனால் என் மகளுக்குப் படிப்பு இல்லையா?

முடியாது, சட்டம் அப்படி என்று சொல்லாதீர்கள். 2020இல் கொரோனா வந்தபோது இதே நாட்டின் நாடாளுமன்றம், நோய்த்தொற்றால் முடிக்காமல் போன கிரெடிட்டுகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்று சட்டத்தில் எழுதியது. மாணவர் அப்பீல் போட வேண்டிய அவசியம்கூட இல்லாமல் விட்டுக்கொடுக்கலாம் என்றது. செய்ய முடிந்தது, செய்தார்கள், அரசாங்கம் கவிழ்ந்துவிடவில்லை. ஊருக்கே வந்த நோயை நோய் என்று ஒப்புக்கொண்ட சட்டம், என் வீட்டுக்கு மட்டும் வந்த நோயைச் சோம்பல் போலக் கணக்கெழுதுகிறது.

இந்த உதவிக்கெல்லாம் வேரான உயர்கல்விச் சட்டத்தில் 1965 நவம்பர் 8ஆம் தேதி கையெழுத்துப் போட்டவர் அதிபர் லிண்டன் ஜான்சன். டெக்சாஸில் சான் மார்க்கோஸ் என்ற ஊரில், தான் படித்த கல்லூரிக்கே போய்க் கையெழுத்திட்டார். அவரும் காசில்லாமல் இடையில் படிப்பை நிறுத்தியவர். கொட்டுல்லா என்ற சிற்றூரில் மெக்சிகோ வழி ஏழைப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக வேலை பார்த்துச் சம்பாதித்துத் திரும்பி வந்து, 1930இல் பட்டம் வாங்கினார். அவருக்கு இடையில் விட்டுப்போன காலம் இருந்தது, திரும்பி வரக் கதவும் இருந்தது. என் மகளின் கதவை ஒரு சதவீதக் கணக்கில் சாத்தியிருக்கிறீர்கள்.

அரசாங்கப் பணம், வீணாகக் கூடாது, யாராவது கணக்குக் கேட்கத்தான் வேண்டும். எனக்கும் புரியும், கூட்டுறவுச் சங்கக் கணக்கரின் மனைவி நான். பெயருக்குச் சேர்ந்து பணத்தை வாங்கிக்கொண்டு வகுப்புக்கே வராதவர்களைப் பிடியுங்கள். ஆனால் எடுத்து முடித்த ஒவ்வொரு பாடத்திலும் நல்ல மதிப்பெண் வாங்கியவளையும் அவர்களையும் ஒரே சல்லடையில் போட்டுச் சலிக்கிற உங்கள் கணக்கு எனக்குப் புரியவில்லை.

இந்தச் செமஸ்டர் ஒரே ஒரு பாடத்துக்குக் கட்டியிருக்கிறோம், என் வளையலை விற்று. உடற்கூறியல். இன்னும் நான்கு பாடத்துக்குப் பணம் சேர வேண்டும். அதற்குள் அவள் வகுப்பில் இருந்தவர்கள் வேலைக்கே போயிருப்பார்கள். நர்ஸிங் ஹோமுக்கு ஆள் கிடைக்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் கிடைக்கவில்லை என்று இந்த ஊர்ச் செய்திகளில் ஓயாமல் சொல்கிறார்கள். ஒரு நோயாளியை இத்தனை மாதமாக வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறவள், நர்ஸ் படிப்புக்குத் தகுதியான முன்னேற்றம் காட்டவில்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை நான் கிழிக்க மாட்டேன். அடுத்த செமஸ்டருக்கு மறுபடி அப்பீல் போடுவோம், அதிலும் அவர் குணமாகிவிட்டதாக எழுத மாட்டோம்.