லிமிட் போட்டால் செயலி வீணாகுமா?

சர்வர் பராமரிப்பவர்கள் நடுவே ஒரு பேச்சு இன்று வேதவாக்குபோல உலவுகிறது: ஒரே கணினியில் பல மெய்நிகர் சர்வர்கள் ஓடும்போது செயலிக்கு லிமிட் (உச்சவரம்பு) வைக்காதே, வெயிட் மட்டும் கொடு, லிமிட் போட்டால் செயலி வீண், வேகமும் போச்சு.

முதலில் 'வெயிட் போதும்' என்பதைப் பார்ப்போம். வெயிட் என்பது நெருக்கடி வந்தால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்வது. நெருக்கடி இல்லாதபோது அது யாரையும் தடுக்காது. புதுக் கணினியில் தனியாக ஓடும் சர்வர் முழுச் செயலியையும் அனுபவிக்கும். அந்த வேகத்தையே வாடிக்கையாளர் தனக்கு உரியதாக நினைத்துக்கொள்வார். பக்கத்தில் பத்து சர்வர்கள் வந்து சேர்ந்ததும், அவர் எதையும் மாற்றாமலே அவருடைய தளம் மந்தமாகும். காரணம் தேடி நாள்கணக்கில் அலைவார்.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறையும் அல்ல. குழுவாரியான வெயிட் 2008 தொடக்கத்தில் வந்த லினக்ஸ் 2.6.24-லேயே இருந்தது. அது போதாது என்று கண்டவர்களில் ஒருவர் பெங்களூரில் ஐபிஎம்மில் பணியாற்றிய பரதா பி. ராவ். 2009-இல் அவர் கறாரான உச்சவரம்புக்கான நிரல்களை முன்வைத்தார். 2010-இல் கூகுளின் பால் டர்னர், நிகில் ராவ் ஆகியோருடன் அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் வந்தது. 2012 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 3.2-இல் அந்த வசதி சேர்ந்தது. வெயிட்டை நன்கு அறிந்தவர்களே லிமிட்டையும் கேட்டார்கள் என்பதை இன்றைய பேச்சு மறந்துவிடுகிறது.

அடுத்த குற்றச்சாட்டு கனமானது: லிமிட் போட்டால் செயலி சும்மா இருக்கும்போதே சர்வர் திணறுகிறது. இது நடக்கும்தான். லினக்ஸ் வழக்கமாக 100 மில்லிநொடியை ஒரு தவணையாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு கோர் அளவுக்கு லிமிட் என்றால் தவணைக்கு 200 மில்லிநொடி ஓட்டம். எட்டு இழைகள் எட்டுக் கோர்களில் ஒரே நேரத்தில் ஓடினால் அது 25 மில்லிநொடியில் தீர்ந்துவிடும். மிச்சம் 75 மில்லிநொடி எல்லாமே நின்றுபோகும். ஆனால் இங்கே தப்பு லிமிட் என்ற யோசனையில் இல்லை. இரண்டு கோர் தந்துவிட்டு எட்டு இழைகளை ஓட்டுவதில் இருக்கிறது. ஒதுக்கீடு மிச்சமிருந்தும் நிறுத்தப்பட்ட இன்னொரு கோளாறும் உண்மையாகவே இருந்தது. அதை 2019-இல் லினக்ஸ் 5.4 சரிசெய்தது. முந்தைய தவணைகளில் மிச்சம் பிடித்ததைத் திடீர்த் தேவைக்குச் செலவிடும் வசதி 2021-இல் 5.14-உடன் வந்தது. பழைய கெர்னலில் பட்ட சூட்டை வைத்து இன்றைக்கும் லிமிட்டே கூடாது என்பது நியாயமில்லை.

கிளவுடில் லிமிட்டே விற்பனைச் சரக்கு. அமேசான் 2014-இல் கொண்டுவந்த டி2 வகையில் மைக்ரோ சர்வருக்கு அடிப்படை ஒதுக்கீடு ஒரு மெய்நிகர் செயலியில் 10 சதவீதம்தான். பயன்படுத்தாத நேரம் கிரெடிட்டாகச் சேரும். விலை குறைவாக இருப்பதே இதனால்தான்.

'வீண்' என்ற வாதம் ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாகப் பூட்டுப் போடும்போது மட்டுமே பலிக்கும். பூட்டைக் குழுவுக்குப் போடலாம். ஐபிஎம் பவர் கணினிகளில் பவர்6 காலத்திலிருந்தே பல செயலிக் குளங்கள் அமைக்கலாம். ஒரு குளத்துக்கு நான்கு கோர் உச்சம் என்று வைத்து, அதற்குள் ஆறு சர்வர்களைத் தனி வரம்பில்லாமல் விட்டால், ஒன்று ஓயும்போது மற்றொன்று அதன் பங்கை எடுத்துக்கொள்ளும். மொத்தம் நான்கைத் தாண்டாது. கோர் கணக்கில் உரிமத்தொகை கேட்கும் மென்பொருள்களுக்கு இது நேரடிப் பண விஷயம். ஐபிஎம் தன் மென்பொருள்களுக்கு அந்தக் குளத்தின் உச்சத்தையே கணக்கில் எடுக்க இடம் தருகிறது. வெயிட்டைக் காட்டி அப்படிக் கேட்க முடியாது, ஏனென்றால் வெயிட்டில் உச்சம் என்று ஒன்று கிடையாது. லினக்ஸிலும் தாய்க் குழுவுக்கு வைக்கும் லிமிட் அதன் கீழுள்ள எல்லா மெய்நிகர் சர்வர்களையும் சேர்த்தே கட்டுப்படுத்தும்.