விரிசலில் விழும் துளி

காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காட்டை அடைய எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போதெல்லாம் சன்னலோரம் அமர்ந்து வளைவுகளை எண்ணியவன் நான். இப்போதோ தார்ச்சாலையின் விரிசல்களை எண்ணுகிறேன்!

"விரிசல்தானே, பள்ளமா விழுந்துவிட்டது?" என்று நண்பர்கள் நகைக்கிறார்கள். அங்கேதான் பிழை. வல்வில் ஓரியின் ஓரம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றைத் துளைத்து உடும்பில் தைத்ததை வன்பரணரின் புறநானூற்றுப் பாடலில் காண்கிறோம். மழைத்துளியும் அத்தகைய அம்புதான். விரிசல் வழியே இறங்கி, ஜல்லியை நனைத்து, அடிமண்ணைக் குழைத்துவிடுகிறது. பிறகு பாரமேற்றிய லாரிகள் ஏற ஏற, சாலை முதலைத் தோலாய் வெடித்துப் பள்ளமாகிறது.

விரிசல்கள் எல்லாம் ஒன்றல்ல. தனியே ஓடும் மெல்லிய கீறல், வெயிலில் தார் இறுகியதன் அடையாளமாக இருக்கலாம். வளைவில் பிறைபோல் தோன்றுவது, வண்டிகள் பிரேக் பிடித்துத் திரும்பும்போது, ஒட்டாத மேலடுக்கு நழுவியதைக் காட்டும். ஓரத்து வெடிப்பு, பக்கத்து மண் கரைந்ததைச் சொல்லும். மெல்லிய கீறலைச் சுத்தம் செய்து, உலர்த்தி, உருக்கிய தாரை ஊற்றி மணல் தூவினால் போதும். முதலைத் தோலுக்கோ அந்த மருந்து பலிக்காது. தோண்டியெடுத்து, ஜல்லியிட்டு இறுக்கித்தான் ஆக வேண்டும். அதன்மேல் தாரை மட்டும் பூசுவது, புண்ணுக்குப் புனுகு பூசுவதே!

"புதுச்சாலை போட்டால் சரியாகிவிடும்" என்பாரும் உளர். பழைய விரிசலைச் சீராக்காமல் மேலே விரித்த புதுத்தாரிலும் அதே விரிசல் மீண்டும் முகம் காட்டும்.

சென்ற ஐப்பசியில் ஒரு நள்ளிரவு, பக்கத்து வீட்டு அக்காவைப் பிரசவ வலியோடு ஜீப்பில் இறக்கினோம். பள்ளந்தோறும் அவர் அலறியது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. தாயும் சேயும் நலமே. ஆனால், அந்தப் பள்ளங்களுள் ஒன்றை ஆடி மாதத்தில் விரல் நுழையாத விரிசலாக நான் பார்த்திருந்தேன். பார்த்தும் எவரிடமும் சொல்லவில்லை.

ஆதலின் என் கருத்து இதுவே: ஐப்பசி மழைக்கு முன்பே ஆண்டுதோறும் விரிசல்களை அடைத்துவிட வேண்டும், மலையோரக் கால்வாயில் சேர்ந்த சருகுகளை அகற்ற வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களாகிய நாம், சாலைப் பணியாளர்களுடன் ஒருநாள் சருகு அள்ளலாகாதா? கண்ட விரிசலை உரியவர்களிடம் எழுதிக் கொடுக்கலாகாதா? தோழர்களே, மிளகும் வாழையும் இறங்குவதும், நோயாளி இறங்குவதும் இவ்வழியேதான். விரிசல் சிறிதாயிருக்கும்போதே விழித்துக்கொள்வோம்!