பஞ்சத்தைச் சொல்லத் தடை

போர் நடக்கும்போது குறை பேசாதே, முதலில் வெற்றி, மற்றவை பிறகு என்பார்கள். நாட்டுப்பற்றாகவே அது காதில் விழும். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943இல், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த வங்கத்தில் பஞ்சம் வந்தபோது அந்த முன்னுரிமை என்ன செய்தது? படைக்கும் கல்கத்தாவின் ஆலைகளுக்கும் அரிசி முதலில் போனது, கிராமங்கள் செத்துக்கொண்டிருந்தன, போர்க்காலத் தணிக்கை அந்தச் செய்தியை அமுக்கி வைத்தது. ஆகஸ்ட் 22 அன்று கல்கத்தா நாளிதழ் ‘தி ஸ்டேட்ஸ்மன்’ ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ், பட்டினியால் தெருவில் விழுந்து கிடந்தவர்களின் படங்களை அச்சிட்டார். அவர் ஆங்கிலேயர். டெல்லியும் லண்டனும் அதன் பிறகே மறுக்க வழியின்றி நின்றன. அக்டோபரில் பதவியேற்ற வைஸ்ராய் வேவல் ராணுவத்தையே நிவாரணத்துக்கு இறக்கினார். அதற்குள் எத்தனை உயிர்கள்! மொத்தச் சாவு சுமார் 30 லட்சம் என்பது பரவலான மதிப்பீடு.

எதிரிக்குத் துப்புக் கிடைத்துவிடாதா என்று கேட்கலாம். கப்பல் புறப்படும் நேரத்தை மறைப்பது நியாயம்தான். பசித்தவனின் விலா எலும்பு என்ன ராணுவ ரகசியம்? மக்களின் மன உறுதி குலையும் என்பது அடுத்த வாதம். 1940 மே மாதம் நார்வே போர்முனைத் தோல்விக்காகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் பிரதமர் சேம்பர்லினைப் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் புகுந்த அன்றே பிரிட்டனில் பிரதமர் மாறினார். நாடு குலைந்துவிடவில்லை. தன் மக்களுக்கு வைத்துக்கொண்ட அந்தக் குறை பேசும் உரிமையைத்தான் பிரிட்டன் வங்கத்துக்குத் தர மறுத்தது.